காணாமல் போன முதல் வரிகள்

நம் அலுவலகத்தில் வேலையை விட்டுப் போகிறவர்கள், புதிதாக வருகிறவர்களிடம் வாடிக்கையாளர் கோப்புகளை ஒப்படைக்கும்போது, ஒரு பக்கமாவது எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு முன்பிருந்தவர் எனக்கு எழுதி வைத்தது அரைப் பக்கம். எந்தக் கடையில் மின்சாரம் அடிக்கடி போகும், எந்தக் கடையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் முதலாளி தூங்கிக்கொண்டிருப்பார், எந்தக் கடையில் நாற்காலியின் கால் ஆடும் என்று எழுதியிருந்தார். மிகவும் பயனுள்ள அரைப் பக்கம். நான் எழுதுவது அதைவிட நீளும். மார்க்கெட் ஸ்திரீட், குயின் ஸ்திரீட், பினாங் ஸ்திரீட் கடைகளை இனி நீங்கள் மூவரும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. ஓய்வு என்று சொல்லிக்கொள்கிற வயதில்லை. ஆனால் கடைகடையாக ஏறிக் கணக்கு மென்பொருள் பரிந்துரைக்கிற இந்த வேலையிலிருந்து ஏழு வருடத்திற்குப் பிறகு விலகுகிறேன். கணினி வட்டில் எப்படிப் பிரதி எடுப்பது, அச்சுப்பொறியில் நாடா எப்படி மாற்றுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு சேலைக் கடைக்கு நான் மென்பொருள் தேர்ந்தெடுத்தேன். போட்ட மதிப்பெண் எல்லாம் சரி. தேர்வு தவறு. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. வேறொருவர் கொடுத்தார்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கணினிப் படிப்பு முடித்து வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டியல் போடாமல் எதையும் செய்ய மாட்டேன். பசாருக்குக் காய்கறி வாங்கப் போனாலும் பட்டியல், பல் வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போனாலும் பட்டியல். அந்தச் சேலைக் கடைக்காகப் பதினொரு கேள்விகள் தயார் செய்தேன். திரையில் வருவது படித்தால் புரிகிறதா. ஒரு விற்பனையைப் பதிய எத்தனை விசை அழுத்த வேண்டும். தவறாக அடித்துவிட்டால் திருத்துவது எளிதா. இப்படிப் போய், ஒன்பதாவது கேள்வி, யார் எப்போது எதை மாற்றினார் என்று பின்னால் தெரியுமா. பதினொன்றாவது, திரையின் நிறம் கண்ணை உறுத்துகிறதா. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். ஒன்பதாவதற்கும் பத்து, பதினொன்றாவதற்கும் பத்து. அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பட்டியல் நேராக இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் மல்லிகா அக்கா. நாற்பத்தேழு வயது. அதே கல்லாவில் பத்தொன்பது வருடம். சொந்த ஊர் சுங்கை பாக்காப். கல்யாணம் ஆகவில்லை. ஆர்கைல் ரோட்டில் ஒரு மாடி அறையைத் தன் சம்பளத்தில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாக இருந்தார். “அண்ணன் வீட்டுக்குப் போனா நான் விருந்தாளி. இங்க நான்தான் வீட்டுக்காரி” என்பார். அந்த அறையும் அந்தக் கல்லாவும்தான் அவருடைய உலகம். இரண்டுக்கும் ஆதாரமாக இருந்தது அவருடைய நினைவாற்றல்.

நான் முதல் நாள் போனபோது நிபோங் திபாலிலிருந்து ஓர் அம்மாள் சேலை எடுக்க வந்திருந்தார். மல்லிகா அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“போன வருசம் மூத்த மருமகளுக்கு மயில் கழுத்துக் கலர் எடுத்தீங்க. நூத்தி நாப்பது வெள்ளி. இந்த வருசம் சின்னவளுக்கு அதுக்குக் கொறச்சு எடுக்காதீங்க, வீட்ல சண்ட வரும்.”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே நூற்று நாற்பது ரிங்கிட்டுக்கு ஒன்றைத் தேடி எடுத்தார். அப்படி ஒரு தலை அது. கடைக்கு வருகிற குடும்பங்களின் கல்யாணம், வளைகாப்பு, கருமாதி எல்லாம் அதற்குள் நிறத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

இரண்டு மென்பொருள்களைக் கொண்டுபோய் ஒரு வாரம் ஒரு வாரமாகக் கடையில் ஓட்டிப் பார்த்தோம். பெட்டியின் நிறத்தை வைத்து அக்கா அவற்றுக்கு நீலம், பச்சை என்று பெயர் வைத்துவிட்டார். நீலம் கண்டிப்பானது. உட்காரும்போதே யார் நீ என்று கேட்டு இரகசியச் சொல் வாங்கும். ஒரு வரியைப் பதிந்துவிட்டால் அழிக்க விடாது. தவறு என்றால் அதற்கு எதிர்வரி ஒன்று போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். தெரியாமல் எதையாவது அழுத்தினால் கீச்சென்று கத்தும். முதல் நாள் அது நான்கு தடவை கத்தியதும் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார்.

“தங்கச்சி, இது எங்க பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருக்கு. எனக்கு இப்பவே வயித்த வலிக்குது.”

முதலாளிக்கு வேறு குறை. “என் கடையில வந்து நீ யாருன்னு என்னையே கேக்குது. நல்லா இருக்கே கதை.”

பச்சை அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம். தவறான வரியில் அந்த மினுங்கும் கோடு நிற்கும்போது இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரி போய்விடும். கீழே இருக்கிற வரி மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தடமே இருக்காது. அக்கா அதை மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது மனுசத்தன்மை உள்ளது. தப்பு பண்ணா மன்னிச்சு விட்ருது.”

முதலாளியும் ஆசைப்பட்டு ஒற்றை விரலால் ஒரு வரியைப் போட்டு, அழித்துப் பார்த்தார். கணினியில் அவர் கற்றுக்கொண்டது அந்த ஒரே வித்தை. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பச்சைக்குத் தொண்ணூற்றொன்று, நீலத்துக்கு அறுபத்தெட்டு. ஒன்பதாவது கேள்வியில் பச்சைக்குச் சுழியம் போட்டேன். அது மொத்தத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஒரு மாதம் பழகியதும் பழைய நோட்டை நிறுத்தச் சொன்னேன்.

“அப்ப இத தூக்கிப் போட்ரணுமா?”

“ரெண்டு எடத்துல எழுதுனா ரெண்டும் ஒத்து வராதுக்கா. ஒண்ணு போதும்.”

அக்கா நோட்டை மேசையின் கீழறையில் வைத்துப் பூட்டினார்.

இங்கே போணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்களும் கடைக்காரர் வீடுகளில் வளர்ந்தவர்களாக இருந்தால் தெரிந்திருக்கும். நாளின் முதல் வியாபாரம் வரவாக இருக்க வேண்டும். அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவார்கள். கடை திறந்ததும் யாராவது சேலையை மாற்ற வந்தால், “கொஞ்சம் உக்காருங்க, போணி ஆகட்டும்” என்று காத்திருக்க வைப்பார்கள். அந்தக் கடையில், மாற்ற வருகிறவர் விலை குறைந்த சேலை எடுத்தால் மிச்சத்தைக் காசாகவே கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்குச் சீட்டு எழுதும் வழக்கம் இல்லை. நோட்டில் எழுதிய காலத்தில், காலையில் அவசரமாக மாற்ற வந்தவருக்குக் கொடுத்ததை அக்கா இரண்டாவது வரியில் எழுதுவாராம். முதல் வரி காலியாகக் காத்திருக்கும். போணி ஆனதும் அதில் எழுதுவார். நோட்டின் எல்லாப் பக்கமும் இப்படி வரவில்தான் தொடங்கியிருந்தது. நான் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தவள்தான். பத்திகளைப் பார்த்தேன், கூட்டலைப் பார்த்தேன். முதல் வரியைப் பார்க்கவில்லை.

கணினியில் காலி வரி விட முடியாது. அடித்த வரிசையில்தான் நிற்கும்.

முதல் நான்கைந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தீபாவளி வந்தது. தீபாவளிக்கு அடுத்த வாரங்களில் சேலை மாற்றுகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்கே வந்து நிற்பார்கள். போணிக்குக் காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. அக்கா மாற்றிக் கொடுத்து, காசைக் கொடுத்து, வரியைப் பதிந்துவிடுவார். செலவு என்பதால் அது சிவப்பில் வரும்.

முதல் தொலைபேசி அப்போதுதான் வந்தது.

“தங்கச்சி, நான் அடிச்சது காணாமப் போவுமா?”

“போவாதுக்கா. அடிச்சிட்டு சேவ் பண்ணாம விட்ருப்பீங்க.”

“சேவ் பண்ணேன்னுதான் நெனைக்கிறேன். ராத்திரி கல்லா முப்பது வெள்ளி கொறையுது.”

“நெனைக்கிறேன்னு சொல்றீங்கல்ல. அதுதான்க்கா.”

நம்மிடம் புகார்ப் படிவம் ஒன்று இருக்கிறது, இன்னும் அதே படிவம்தான். இயந்திரம், மென்பொருள், மின்சாரம், பயனர் என்று நான்கு கட்டங்கள். நான் நான்காவதில் குறியிட்டேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது அழைப்பு. ஒவ்வொரு வரியைப் பதிந்ததும் இடது உள்ளங்கையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாராம். மாலையில் எண்ணினால் கையில் இருபத்திரண்டு புள்ளி, திரையில் இருபத்தொரு வரி.

“எதும்மா இல்ல? இல்லாத வரிய எப்படித் தேடுறது?”

எவ்வளவு சரியான கேள்வி அது. ஒரு பொறியாளர் கேட்டிருந்தால் எழுந்து கடைக்கு ஓடியிருப்பேன். நான் சொன்னது இதுதான். “தீபாவளி அலுப்புக்கா. ரெண்டு நாள் நல்லா தூங்குங்க.” நான்காவது கட்டத்தில் குறி.

கல்லா குறைகிற நாளில் எந்த வரி விட்டுப்போனது என்று நினைவு வந்தால் மறுபடி பதிவாராம். வராத நாளில் தன் பையிலிருந்து எடுத்துப் போட்டு நேர்செய்துவிடுவாராம். முதலாளிக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

மூன்றாவது முறை அழைத்தபோது அவர் இயந்திரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“மறதிக்கு ஏதும் மருந்து இருக்காம்மா? நீ படிச்ச புள்ள, தெரிஞ்சிருக்கும். எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. உலையில அரிசி போட்டத மறந்துட்டு மறுபடியும் போடும். கேட்டா நான் போடவே இல்லன்னு சாதிக்கும். நான் அடிச்சேன் அடிச்சேன்னு சொல்றேன் பாரு, அதே மாதிரிதான் இருக்கு.”

நான் என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆறுதலாகப் பேசினேன். ஒரு கிளினிக்கின் பெயர் சொன்னேன். மூன்றாவது படிவத்திலும் அதே கட்டம்.

டிசம்பர் நடுவில் அவராகவே முதலாளியிடம் போய்ச் சொன்னார். “எனக்கு மறதி வந்திருச்சு முதலாளி. உங்க காசு என் கையில நிக்க மாட்டேங்குது. நான் நின்னுக்கிறேன்.” எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். முதலாளி இரண்டு மாதச் சம்பளமும் ஒரு நல்ல சேலையும் கொடுத்தார். கடைப் பெண்கள் அழுதார்கள். அவரைத் திருடி என்று ஒருவரும் நினைக்கவில்லை. இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். திருட்டு என்று ஒரு சந்தேகம் வந்திருந்தால் யாராவது விசாரித்திருப்பார்கள். பரிதாபப்பட்டதால் யாரும் விசாரிக்கவில்லை. ஆர்கைல் ரோடு அறையைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் இடத்தில் முதலாளி தன் மனைவியின் அண்ணன் மகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். இருபத்திரண்டு வயது, வணிகம் படித்தவள். பொங்கல் முடிந்த வாரம் அவளுடைய கல்லாவும் குறைந்தது. முதலாளி எனக்குத் தொலைபேசி செய்தார்.

“என்னம்மா, மல்லிகா போனா சரியாயிடும்னு நெனச்சேன். இவளுக்கும் அதே வியாதியா?”

பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. “எனக்கு மறதி எல்லாம் இல்ல மாமா. சிஸ்டம்தான் கோளாறு. வந்து பாக்கச் சொல்லுங்க லா.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் கடையில் இருந்தேன். கவனியுங்கள். அவள் ஒரு தடவை சொன்னாள், போனேன். மல்லிகா அக்கா மூன்று தடவை சொன்னார், போகவில்லை. ஒருத்தி இயந்திரத்தைக் குறை சொன்னாள், இன்னொருவர் தன்னையே குறை சொன்னார். குறையைத் தன் மேல் போட்டுக்கொள்கிறவர் நமக்கு வேலை வைப்பதில்லை. நாம் அவரை நம்பிவிடுகிறோம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதரைக்கு ஓர் ஆசிரியை சேலை மாற்ற வந்தார். மிச்சம் இருபத்தைந்து வெள்ளி. அந்தப் பெண் கொடுத்தாள், பதிந்தாள். என் கண் முன்னால் முதல் வரியாகச் சிவப்பில் நின்றது. அதன் பிறகு ஒரு விற்பனை. பத்தரைக்கு முதலாளி கோயிலுக்குப் போய்விட்டு, விபூதியோடு வந்தார். சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினார். கோணலாக இருந்த மாலையை நேராக்கினார். கல்லாவில் இருந்த பெண், அந்தக் கடையில் தினமும் வழக்கம் போல, எழுந்து போய்ப் படத்தின் முன்னால் கண்ணை மூடி நின்றாள். கல்லா மேசையில் கிடந்த நூல் துண்டை எடுத்துக் கீழே போட்டார். திரையைப் பார்த்தார். ஒற்றை விரலால் கோட்டை மேலே கொண்டுபோனார். இரண்டு விசைகளை அழுத்தினார். சிவப்பு வரி போய், விற்பனை வரி மேலே ஏறி உட்கார்ந்தது. கைகூப்பிவிட்டு உள்ளே நடந்தார்.

“அண்ணே, இப்ப என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலியே.”

“திரையில ஒரு வரிய அழிச்சீங்க.”

அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. நூல் துண்டை எடுத்துப் போட்டதை நினைவில் வைத்திருப்பவர் யார். அவர் கணக்கை அழிக்கவில்லை. நாளின் தலையில் கிடந்த அபசகுனத்தைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான்.

“அது... காலையிலயே செகப்பா இருக்கக் கூடாதும்மா. மேல வரவுதான் இருக்கணும்.”

“தெனமும் இப்படிப் பண்ணுவீங்களா?”

“செகப்பு இருந்தா மட்டும்தான்.” பிறகு மெதுவாகக் கேட்டார். “ஏன், பண்ணக் கூடாதா?”

அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு அப்போது இரண்டு வழி இருந்தது. அந்த விசைகளைப் பூட்டிவிட்டு, இனி சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். படிவத்தில் ‘தீர்ந்தது’ என்று எழுதியிருக்கலாம். கடைக்கு அதுதான் வேண்டியிருந்தது. என் கைகள் அதைத்தான் முதலில் செய்தன. விசையைப் பூட்டிவிட்டுத் திரும்பி, “அண்ணே, மல்லிகா அக்காவுக்கு மறதி இல்ல. நீங்க அழிச்சதத்தான் அவங்க தேடிக்கிட்டு இருந்திருக்காங்க” என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் அழிச்சது எனக்கே தெரியலியேம்மா.”

“அவங்ககிட்ட சொல்லணும்ணே. நான் போய்ச் சொன்னா, மனசு கேக்காம சொல்றேன்னு நெனைப்பாங்க. நீங்கதான் வரணும்.”

உங்களுக்கு நான் சொல்ல நினைத்த வேலை விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் வருவது வேலை விஷயம் இல்லை. எளிய மென்பொருள் வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார். யாருக்கு எளிது என்று கேளுங்கள். அழிக்கிறவருக்கு எளிதாக இருப்பது, அழிந்ததைத் தேடுகிறவருக்கு எளிதாக இருக்காது. கல்லாவில் உட்காருகிறவரைத் தவிர வேறு யாருடைய விரல் இதன் மேல் படும், எதற்காகப் படும் என்று கேளுங்கள். ‘யாரும் தொட மாட்டாங்க’ என்று பதில் வந்தால் ஒரு காலை முழுக்கக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். பழைய நோட்டை நிறுத்தச் சொல்வதற்கு முன் அதன் முதல் வரியைப் படியுங்கள். கேள்விகளுக்கு ஒரே மதிப்பெண் போடாதீர்கள். நான்காவது கட்டத்தில் குறியிடுவதற்கு முன் எழுந்து போய்ப் பாருங்கள். மார்க்கெட் ஸ்திரீட் இங்கிருந்து நடந்தால் எட்டு நிமிடம். நான் மூன்று தடவை அந்த எட்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் காரில் சுங்கை பாக்காப் போனோம். பாலத்தில் ஏறியபோது அவர் கேட்டார்.

“அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“அழிச்சது நான்தான்னு சொல்லுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்ணே.”

அந்த வீடு முக்கியச் சாலைக்குப் பின்னால் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தது. முன்கூடத்தில் மல்லிகா அக்காவின் அண்ணனும் அண்ணியும் எங்களை உட்காரவைத்தார்கள். நல்ல மனிதர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தார்கள். வயசு, கவலை என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தாராம். “தனியா வெளிய விடுறதில்ல. அடுப்புப் பக்கமும் விடுறதில்ல. அன்னிக்கு ரசம் பொங்கி வழிஞ்சிருச்சு” என்றார் அண்ணி, தாழ்ந்த குரலில். அக்கா காதில் விழும் தூரத்தில்தான் இருந்தார். மெலிந்திருந்தார்.

முதலாளி எழுந்து நின்றார். தன் கடையில் வேலை பார்த்த ஒருவர் முன்னால் அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அன்றுதான்.

“மல்லிகா, காலையில செகப்பு வரிய நான்தான் அழிச்சேன். போணிக்காக. உனக்கு மறதி இல்ல.”

நானும் என் பங்கைச் சொன்னேன். “மூணு தடவ கேட்டீங்க அக்கா. மூணு தடவயும் நான் வந்து பாக்காமலே சொன்னேன்.”

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டார், தேதி கேட்டார், எந்த விசை என்று கேட்டார். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

“ஒரு மாசம் அழிச்சிருக்கீங்க.”

“ஆமா.”

“அழிச்சது உங்களுக்கே ஞாபகம் இல்ல.”

“இல்ல மல்லிகா.”

“உங்கள யாரும் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவலியா முதலாளி?”

அக்காவின் அண்ணன் தரையைப் பார்த்தார். அக்காவின் குரலில் கோபம் இல்லை. அந்தப் பழைய கிண்டல்தான், கொஞ்சம் தேய்ந்துபோய்.

முதலாளி கல்லாவுக்கே திரும்ப வரச் சொன்னார். அறை வாடகையைக் கடையே கொடுக்கும் என்றார். கையிலிருந்து போட்டு நேர்செய்ததை அக்கா அன்றுதான் சொல்லியிருந்தார்; அந்தப் பணத்தையும் கணக்குப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“முன்னாடி நான் ஒரு தரம் பாத்தா போதும். இனிமே ஒவ்வொரு வரியையும் நாலு தரம் பாப்பேன். பாத்தேனான்னு அஞ்சாந்தரம் பாப்பேன். அப்படிப்பட்ட ஆள் கல்லாவுல உக்காரக் கூடாது முதலாளி. நீங்க சொன்னது புரியுது. புரிஞ்சா மட்டும் போதாது போல இருக்கு.”

“நாளாச்சுன்னா சரியாயிடும் அக்கா” என்றேன்.

“ஆகலாம்மா” என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

பிறகு தேநீர் போட எழுந்தார். அண்ணி உடனே எழுந்தார். எல்லா விளக்கத்தையும் அவரும் கூட இருந்து கேட்டவர்தான். ஆனாலும் அவர் கால்கள் பழக்கத்தில் அக்காவின் பின்னால் போயின. அக்கா அதைத் தடுக்கவில்லை. சமையலறையில் அடுப்பு பற்றவைக்கும் சத்தமும், பிறகு அணைக்கும் சத்தமும் கேட்டன.

தட்டில் நான்கு கோப்பைகள் வந்தன. மூன்று ஒரே மாதிரி. முதலாளிக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடிக் குவளை. அவருக்கு இனிப்பு நீர் வியாதி. கடையில் பத்தொன்பது வருடமாக அவருக்குச் சீனி இல்லாத தேநீர்தான். யாரும் நினைவுபடுத்தாமல் அக்கா அதைத் தனியாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

குவளையை எடுத்து நீட்டப் போனவர் கையை நிறுத்தினார். அண்ணியைப் பார்த்தார்.

“நான் இதுல சீனி போடலதானே?”

அண்ணி போடவில்லை என்று தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் அக்கா குவளையைக் கொடுத்தார்.